பழைய எக்ஸ்க்ளூசிவ் கேம்கள் எதிரணிக் கன்சோலுக்கு வர ஏன் இத்தனை ஆண்டுகள்?

கேள்வி இதுதான்: "கேம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. விற்றும் முடித்துவிட்டார்கள். அதை எடுத்து எதிரணிக் கன்சோலிலோ பிசியிலோ போடுவதற்கு ஏன் பத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது? அப்படியே வந்தாலும் சில கேம்கள் ஏன் அரைகுறையாக வருகின்றன?"

நியாயமான கேள்வி. கியர்ஸ் ஆஃப் வார் 2006-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தது. எதிரணியான சோனியின் பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் அதைத் தங்கள் கன்சோலில் ஆட 2025 ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் கன்சோல்களில் வந்தது 2010-ல், பிசிக்கு வந்தது 2024 அக்டோபரில். இவ்வளவு தாமதத்துக்கும் கம்பெனிகளின் பிடிவாதம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் வேறு. ஒரு கன்சோலுக்காக மட்டும் கேம் எழுதும்போது, அந்தப் பெட்டியை நம்பி ஆயிரம் சின்னச் சின்ன முடிவுகள் எடுக்கிறார்கள். "இந்த மெஷினில் இது எப்போதும் இப்படித்தான் இருக்கும்" என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவுகள் அவை. அவற்றை யாரும் எழுதிவைப்பதில்லை. போர்ட் செய்பவர்கள், அதாவது கேமை வேறு மெஷினுக்கு மாற்றுபவர்கள், பிற்பாடு வந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. கோடில் மட்டும் அல்ல, ஒப்பந்தக் காகிதங்களிலும் இதே கதைதான்.

முதலில் ஒரு சின்ன உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, நின்டெண்டோவின் கேம்கியூப், வீ எல்லாமே பவர்பிசி வகைப் பிராசஸர் கொண்டவை. நான்கு பைட்டில் ஒரு எண்ணைச் சேமித்தால், பெரிய மதிப்புள்ள பைட் அவற்றில் முதலில் வரும். 1 என்ற எண் 00 00 00 01 என்று இருக்கும். பிசியிலும் பிளேஸ்டேஷன் 4 முதலான கன்சோல்களிலும் வரிசை தலைகீழ். அதே நான்கு பைட்டுகளை அங்கே அப்படியே படித்தால் 1,67,77,216 என்று வரும். துப்பாக்கியில் மிச்சமிருந்த ஒரு தோட்டா ஒன்றரைக் கோடிக்கும் மேலாகிவிடும்.

"சரி, எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிட்டால் ஆயிற்று" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அந்த நான்கு பைட்டும் ஒரே எண்ணா, இரண்டு குட்டி எண்களா, அல்லது ஒரு கதாபாத்திரத்தின் பெயரில் வரும் நான்கு எழுத்துகளா? எழுத்துகளைத் திருப்பினால் பெயர் குழம்பிவிடும். திருப்பாவிட்டால் எண் கெட்டுவிடும். ஃபைலுக்குள் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது அதை உருவாக்கிய டூலுக்குத்தான் தெரியும். அந்த டூலை எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கலாம்.

அடுத்தது நேரம். கன்சோல் கேம் நொடிக்கு 30 ஃபிரேம்தான் (ஃபிரேம் என்றால் திரையில் வரையும் ஒரு படம்) ஓடும் என்று முடிவாகிவிட்டால், பலர் கோடில் நேரத்தைத் தனியாக அளப்பதே இல்லை. ஃபிரேமையே கடிகாரமாக வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெட்டியில் அது சரியாகவே வேலை செய்யும். டார்க் சோல்ஸ் 2012-ல் பிசிக்கு வந்தபோது உள்ளுக்குள் 1024-க்கு 720 என்ற அளவில்தான் படம் வரைந்தது, வேகம் 30 ஃபிரேமில் பூட்டப்பட்டிருந்தது. வெளியான அன்றே ஒரு ரசிகர் செய்த மாட் (கேமை மாற்றும் சின்ன புரோகிராம்), படத்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தது. பிறகு 60 ஃபிரேமுக்கு அவிழ்த்துவிட்டபோது, சில ஏணிகளில் சறுக்கி இறங்கிய வீரர்கள் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே விழுந்தார்கள். டார்க் சோல்ஸ் 2-ல் நடந்ததைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகப் புரியும். பிசியில் ஆயுதங்கள் இருமடங்கு வேகத்தில் தேய்ந்தன. வாள் எதையாவது உரசிக்கொண்டிருக்கும்போது தேய்மானத்தை ஃபிரேமுக்கு ஒரு முறை கணக்கிட்டதுதான் காரணம். ஃபிரேம் இரண்டு மடங்கானதும் தேய்மானமும் இரண்டு மடங்கானது. புதிதாக யாரும் தப்புச் செய்யவில்லை. பழைய நம்பிக்கை ஒன்று புது இடத்தில் செல்லாமல் போனது, அவ்வளவுதான்.

இதையெல்லாம்விடக் கடினம் பிளேஸ்டேஷன் 3. அதன் செல் பிராசஸரில் ஒரு முக்கிய கோரும் (கணக்குப் போடும் பகுதி), கேம்கள் பயன்படுத்திக்கொள்ள ஆறு துணைக் கோர்களும் உண்டு. ஒவ்வொரு துணைக் கோருக்கும் சொந்த மெமரி 256 கிலோபைட்தான். அதற்குள் தரவைக் கொண்டுபோவதும் வெளியே எடுப்பதும் புரோகிராமர் தன் கையால் செய்ய வேண்டிய வேலை. ஆரம்பத்தில் எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். பிறகு சில ஸ்டூடியோக்கள் இதில் தேர்ந்துவிட்டன. வெளிச்சம், எலும்பு அசைவு, ஒலி என்று எல்லா வேலையையும் துண்டு துண்டாக நறுக்கி அந்தக் குட்டிக் கோர்களுக்குப் பரிமாறக் கற்றுக்கொண்டார்கள். அப்படி எழுதிய கோடு வேறு எந்த மெஷினுக்கும் பொருந்தாது. அந்தப் பெட்டியின் பலத்தை யார் முழுசாகப் பிழிந்தெடுத்தார்களோ, அவர்களுடைய கேம்தான் இடம் மாறும்போது அதிகம் திணறும். 2013-ல் பிளேஸ்டேஷன் 3-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் மறு வருஷமே பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. ஆனால் அதற்காக, கேமை உருவாக்கிய நாட்டி டாக் ஸ்டூடியோ தன் எஞ்சின் (கேமை ஓட்டும் அடிப்படைக் கோடு) வேலைகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையையே மாற்றி எழுதியது. அதை எப்படிச் செய்தார்கள் என்று 2015-ல் கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் அவர்களே விளக்கினார்கள். கேமை எழுதிய அதே ஆட்கள், அதே கம்பெனியின் அடுத்த கன்சோல், அப்போதும் இவ்வளவு பாடு. 2008-ல் வந்த மெட்டல் கியர் சாலிட் 4 பல ஆண்டுகள் பிளேஸ்டேஷன் 3-ஐவிட்டு நகராமல் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-ம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் பிசி வகைப் பிராசஸருக்கே மாறிவிட்டன. அதனால் அதற்குப் பிறகு வந்த கேம்கள் சுலபமாக இடம் மாறும் என்று நினைப்போம். ஓரளவு உண்மைதான். ஆனால் அங்கேயும் எழுதாத நம்பிக்கைகள் உண்டு. பிளேஸ்டேஷன் 4-ல் பிராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே 8 ஜிபி மெமரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று எழுதியதை மற்றது அங்கேயே படித்துக்கொள்ளலாம். பிசியில் இரண்டுக்கும் மெமரி தனித்தனி, நடுவில் ஒரு பாதை வழியாகத் தரவை அனுப்ப வேண்டும். கன்சோலில் காசே இல்லாமல் கிடைத்த வசதிக்கு இங்கே ஒவ்வொரு ஃபிரேமிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஷேடர் விஷயமும் அப்படித்தான். ஒளியும் நிழலும் எப்படி விழ வேண்டும் என்று கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் குட்டி புரோகிராம்கள் அவை. கன்சோலில் இருப்பது ஒரே சிப் என்பதால் ஸ்டூடியோவிலேயே மொழிபெயர்த்து கேமோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். பிசியில் ஒவ்வொருவரிடமும் வேறு வேறு கார்டு, வேறு வேறு டிரைவர். ஆகவே மொழிபெயர்ப்பு ஆடுபவரின் வீட்டில்தான் நடந்தாக வேண்டும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்தின் ரீமேக் 2023 மார்ச்சில் பிசிக்கு வந்தபோது, ஷேடர்கள் தயாராகும் வரை பலர் முதல் திரையிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். 8 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரி வைத்திருந்தவர்களுக்கே கேம் தடுமாறியது. அடுத்தடுத்து வந்த பேட்ச் எனும் திருத்தங்களில்தான் நிலைமை சீரானது. நல்ல கேம், பலர் கொண்டாடிய கேம், முதல் வாரத்தில் அப்படிக் கெட்ட பெயர் வாங்கியது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

கன்ட்ரோலரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிளேஸ்டேஷன் 2-ன் கன்ட்ரோலரில் பட்டன்களுக்கு அழுத்தம் தெரியும். மெல்லத் தொட்டாயா, பலமாக அமுக்கினாயா என்று அது கேமுக்குச் சொல்லும். மெட்டல் கியர் சாலிட் 2-ல் பட்டனை அமுக்கிப் பிடித்தால் துப்பாக்கி எதிரியைக் குறிபார்க்கும். சட்டென்று விட்டால் சுடும். விரலை மெதுவாக, மிக மெதுவாகத் தளர்த்தினால் சுடாமல் துப்பாக்கியை இறக்கிக்கொள்ளும். எதிரில் கைதூக்கி நிற்பவனை உயிரோடு விடுவதா வேண்டாமா என்பது உங்கள் கட்டைவிரலின் தயக்கத்தில் இருந்தது. 2011-ல் இந்த வரிசையின் சில கேம்கள் எச்டி தொகுப்பாக எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தன. அந்தக் கன்ட்ரோலரின் முகப்புப் பட்டன்களுக்கு அழுத்தம் தெரியாது. அந்தச் செயல்களை வேறு விதமாக மாற்றியமைத்தார்கள். கேம் நன்றாகவே ஓடுகிறது, ஒன்றும் உடையவில்லை. ஆனால் அந்தக் கட்டைவிரல் தயக்கம் போய்விட்டது. போர்ட் சரியா தப்பா என்று ஃபிரேம் எண்ணிக்கையை வைத்துமட்டும் தீர்ப்புச் சொல்பவர்கள் கவனிக்காத இழப்பு இது.

இதற்கு நேர்மாறாக அழகாகச் செய்ததும் உண்டு. அதே வரிசையின் முதல் மெட்டல் கியர் சாலிடில் மனத்தைப் படிக்கும் வில்லன் ஒருவன், உங்கள் மெமரி கார்டில் வேறு எந்தக் கொனாமி கேம்கள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லி மிரட்டுவான். 2004-ல் கேம்கியூபுக்கு அதை மறுபடி உருவாக்கியபோது, அந்தக் கன்சோலின் மெமரி கார்டில் நின்டெண்டோ கேம்கள் இருந்தால் அவன் அவற்றைப் பற்றிப் பேசும்படி செய்தார்கள். மெமரி கார்டே இல்லாத கன்சோல்களுக்கு 2023-ல் வந்த தொகுப்பில், எந்த கேமை ஆடியதாக அவனுக்குக் காட்ட வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்க வழி வைத்தார்கள். கேம் தன் பெட்டியோடு விளையாடிய விளையாட்டைப் புரிந்துகொண்டு அதைப் புது இடத்துக்கு எடுத்துப்போவது என்றால் இதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் சோர்ஸ் கோடு (புரோகிராமர்கள் எழுதிய மூலக் கோடு) கையில் இருந்தால். அது இல்லை என்றால்? இருபது வருஷத்துக்கு முன்னால் கேம் கடைக்குப் போனதும் வேலை முடிந்தது. ஹார்டு டிஸ்கை அழித்து அடுத்த கேமுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிற்காலத்தில் யாரோ கேட்பார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. 2002-ல் வந்த கிங்டம் ஹார்ட்ஸின் மூலத் தரவு தொலைந்துபோனதால், 2013-ன் எச்டி பதிப்புக்காகக் கடையில் விற்ற பிரதியைத் தோண்டிப் பலவற்றை மறுபடி உருவாக்க வேண்டிவந்தது. எக்ஸ்பாக்ஸில் மட்டும் இருந்த நிஞ்சா கைடன் பிளாக், எக்ஸ்பாக்ஸ் 360-ல் மட்டும் வந்த நிஞ்சா கைடன் 2 இரண்டுக்கும் துண்டு துண்டாகத்தான் தரவு மிஞ்சியிருந்தது. அதனால் 2021-ல் எல்லாக் கன்சோல்களுக்கும் வந்த தொகுப்பில், பிளேஸ்டேஷனுக்காகப் பின்னால் செய்த சிக்மா பதிப்புகளைத்தான் சேர்க்க முடிந்தது. மூலத்தின் வேகத்தையும் ரத்தத்தையும் நேசித்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

சைலன்ட் ஹில் எச்டி தொகுப்பின் கதை இன்னும் மோசம். 2012-ல் அதைச் செய்த குழுவுக்குக் கிடைத்தது கடைக்குப் போன இறுதிக் கோடு அல்ல, அதற்கு முந்தைய, முடிக்கப்படாத பிரதி. மூலக் குழு ஒருகாலத்தில் சரிசெய்த பிழைகளையே இவர்கள் மறுபடி கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த கேமின் உயிரே பனிமூட்டம். அது மெலிந்துபோனதும் மறைந்திருக்க வேண்டிய விளிம்புகள் வெளியே தெரிந்தன. பயம் போய்விட்டது.

இன்னொரு ஆபத்து நகலில் இருந்து நகல் எடுப்பது. ரெசிடென்ட் ஈவில் 4 முதலில் 2005 ஜனவரியில் கேம்கியூபுக்கு வந்தது. அதே ஆண்டு பிளேஸ்டேஷன் 2-க்கு மாற்றியபோது அந்த மெஷினுக்குத் தாங்காது என்று பல காட்சிகளை வீடியோவாகப் பதிந்து வைத்தார்கள். 2007-ல் பிசிக்குச் செய்தவர்கள் கேம்கியூப் மூலத்துக்குப் போகாமல் இந்த இரண்டாம் பிரதியை எடுத்துக்கொண்டார்கள். அதைவிட எத்தனையோ மடங்கு பலமான கம்ப்யூட்டரில் மங்கிய வீடியோ ஓடியது, மவுஸால் குறிபார்க்கக்கூட வழியில்லை. ஹேலோவிலும் இதே கதை. 2003-ல் முதல் ஹேலோவைப் பிசிக்கு மாற்றியபோது சில ஒளி விளைவுகள் பிசகின. 2011-ன் ஆண்டுவிழாப் பதிப்பை அந்தப் பிசி கோடின் மேலேயே கட்டினார்கள். பிசகும் கூடவே வந்தது. அதன் பிறகு வந்த மாஸ்டர் சீஃப் தொகுப்புக்கும் வந்தது. மூலத்தையும் போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரசிகர்கள் பல வருஷம் சுட்டிக்காட்டிய பிறகு 2021-ல்தான் அவை திருத்தப்பட்டன.

இப்போது காகிதங்களுக்கு வருவோம். உண்மையில் நிறைய கேம்கள் மாட்டிக்கொண்டிருப்பது இங்கேதான். முதல் விஷயம், பணம் போட்டது யார். பயோனெட்டா முதல் பாகத்தை வெளியிட்டது சேகா, அதனால் 2017-ல் பிசிக்கு வந்தது. இரண்டாம் பாகத்துக்குப் பணம் போட்டது நின்டெண்டோ. 2014-ல் வீ யூ, 2018-ல் ஸ்விட்ச், அதோடு சரி. அதே ஸ்டூடியோ, அதே கதாநாயகி, ஆனால் கதவு வேறு.

கோல்டன்ஐ 007-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் நின்டெண்டோ 64-க்கு ரேர் செய்தது, வெளியிட்டது நின்டெண்டோ, பாத்திரமோ சினிமாக்காரர்களுடையது. 2002-ல் ரேர் ஸ்டூடியோவை மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு ஒரே கேமில் இரண்டு போட்டிக் கன்சோல் கம்பெனிகளுக்கும் சினிமா உரிமையாளர்களுக்கும் பங்கு. எக்ஸ்பாக்ஸ் 360-க்கான புதுப்பிப்பு ஏறக்குறைய முடிந்தே விட்டது, ஆனால் வெளிவரவில்லை. பல ஆண்டுகள் கழித்து 2021-ல் கசிந்தது. முறைப்படி வந்தது 2023 ஜனவரியில், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் இரண்டிலும் ஒரே நாளில். அப்போதுகூட ஆன்லைனில் ஆடும் வசதி ஸ்விட்சுக்கு மட்டும். கோடு ஒருநாளும் தடையாக இருக்கவில்லை.

பாட்டுகளும் பிராண்டுகளும் வேறு. லைசென்ஸ் எழுதும்போது "இத்தனை ஆண்டு" என்று எழுதுவார்கள், அதற்கு அப்பால் யோசிக்க மாட்டார்கள். கிரேசி டாக்ஸி டிரீம்காஸ்டில் இருந்தபோது உண்மையான உணவகங்களின் வாசலில் பயணிகளை இறக்கிவிடுவோம், பின்னணியில் பிரபல ராக் பாட்டு அலறும். 2010-ல் மற்றக் கன்சோல்களில் மறுபடி வந்தபோது கடைப் பெயர்களும் இல்லை, அந்தப் பாட்டுகளும் இல்லை. ஆலன் வேக் இன்னும் ஒரு படி மேலே போய், இசை உரிமம் முடிந்ததால் 2017 மே மாதம் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. மறுபடி கடைக்கு வர 2018 அக்டோபர் ஆனது. 2019-ல் வெளியீட்டு உரிமை மைக்ரோசாஃப்டிடமிருந்து, அதை உருவாக்கிய ரெமடி ஸ்டூடியோவுக்குத் திரும்பிய பிறகுதான் 2021-ல் பிளேஸ்டேஷனுக்கு வர முடிந்தது.

அப்புறம் ஏன் இப்போது மட்டும் வரிசையாக வருகின்றன? செலவுதான். தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் ஆனது என்று 2023-ல் ஒரு நீதிமன்ற ஆவணத்தின் வழியாகத் தெரியவந்தது. இவ்வளவு போட்டதை ஒரே கன்சோல் வைத்திருப்பவர்களிடமே திரும்ப எடுப்பது கடினம். சோனி 2020-ல் ஹொரைசன் ஸீரோ டானைப் பிசிக்கு விட்டது, மறு வருஷம் போர்ட் வேலையில் பெயர்பெற்ற நிக்ஸஸ் ஸ்டூடியோவை வாங்கியது. மைக்ரோசாஃப்ட் 2024 பிப்ரவரியில் நான்கு கேம்களை எதிரணிக் கன்சோல்களுக்குத் தருவதாக அறிவித்துத் தொடங்கியது.

கம்பெனிகள் தொடாத கேம்களை ரசிகர்கள் தொடுகிறார்கள். சூப்பர் மாரியோ 64-ன் மெஷின் கோடை (பிராசஸர் நேரடியாகப் படிக்கும் கோடு) படித்துப் படித்து, அதே முடிவு தரும் சோர்ஸ் கோடைக் கையாலேயே எழுதி முடித்தார்கள். 2020-ல் அதிலிருந்து பிசி பதிப்பு பிறந்தது. நின்டெண்டோ அதன் பரவலைத் தடுக்க முயன்றது. 2025 மார்ச்சில் சோனிக் அன்லீஷ்டின் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பை, அதன் மெஷின் கோடையே பிசிக்கு ஏற்றபடி தானாக மாற்றி எழுதும் முறையில் கொண்டுவந்தார்கள். கேமின் ஃபைல்களை நம்மிடம் உள்ள அசல் பிரதியிலிருந்துதான் எடுத்துக்கொடுக்க வேண்டும். இந்த உழைப்பை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் சட்டப்படி இதன் கால் எப்போதும் உறுதியான தரையில் இல்லை.

அடுத்து எந்த கேம் வரும் என்று கணிக்க விரும்பினால் மூன்று விஷயம் பாருங்கள்: 2013-க்கு முன்னா பின்னா, பணம் போட்டது யார், உள்ளே வாடகைப் பாட்டோ பிராண்டோ உண்டா. எல்லோரும் கேட்கும் பிளட்போர்னையே வைத்துப் பார்க்கலாம். 2015-ல் வந்தது, ஓடுவது பிசி வகைப் பிராசஸரில், செல் பிராசஸர் தொல்லை இல்லை. 30 ஃபிரேமில் பூட்டப்பட்டிருந்தாலும் 60-ல் ஓடும் என்று ஒரு ரசிகரின் பேட்ச் ஏற்கெனவே காட்டிவிட்டது. உரிமை முழுவதும் சோனி கையில். மெஷினும் தடை இல்லை, காகிதமும் தடை இல்லை. அதை ஆட எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு கம்பெனி தன் மேசையில் வைத்திருக்கும் முடிவை வெளியே இருந்து யாராலும் தோண்டி எடுக்க முடியாது.